ஓடாத காரும் தேயும்

குடும்ப விபரம் எடுப்பதற்காக நான் கொண்டு திரியும் படிவத்தில் "அசையும் சொத்துக்கள்" என்றொரு கூடு இருக்கிறது. தையல் மெசின், சைக்கிள், தண்ணீர் பம், இரண்டு ஆடு என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லும் பெண்களில் சிலர், பின்வளவுக் கொட்டிலுக்குள் பொலித்தீன் மூடி நிற்கும் காரை மட்டும் சொல்வதில்லை. நானாகக் கேட்டால், "அது சும்மா நிக்குது தங்கச்சி, ஓடுறேல்லை" என்பார்கள்.

ஓடினால்தானே தேயும், நிற்கிற வாகனத்துக்கு என்ன வரப்போகிறது என்பது எம்மில் பலருடைய எண்ணம். ஆனால் வாகனம் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பொருள். கிணறு இறைக்காமல் விட்டால் தண்ணீர் பழுதாவதுபோல, ஓடாத காரும் உள்ளுக்குள்ளே பழுதாகிக்கொண்டுதான் இருக்கும். வெளியே பெயின்ற் மினுங்குவதால் அது எங்களுக்குத் தெரிவதில்லை. அந்தப் பழுதைத் தடுக்கும் வேலைகளில் பெரும்பகுதியை வீட்டிலிருக்கும் பெண்ணே செய்யலாம். இந்தக் கட்டுரை அதற்காகவே. இங்கே சொல்பவற்றில் அநேகமானவை மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும்கூடப் பொருந்தும்.

யாருடைய கார்கள் இவை?

2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல தமது வாகனங்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தன. ஆகவே இன்று எமது பெண்களின் வளவுகளில் நிற்கும் கார்கள் அதிகமில்லை. நான் கண்டவற்றை மூன்று வகையாகச் சொல்லலாம்.

முதலாவது, கணவர் ஓட்டிய கார். அவர் இறந்துவிட்டார், அல்லது காணாமற்போய்விட்டார். அவரது வாகனம் நிற்கிறது. இரண்டாவது, வெளிநாட்டிலிருக்கும் சகோதரங்கள் வாங்கிவிட்ட கார். அவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் ஒரு மாதம் ஓடும். மிகுதிப் பதினொரு மாதமும் ஒரு அக்காவின் அல்லது மாமியின் பொறுப்பில் நிற்கும். மூன்றாவது, தகப்பனாரின் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற கார்கள்.

மூன்றிலும் பொதுவான ஒன்றைக் கவனித்திருக்கிறேன். காரைக் கழுவுவது, கொட்டிலைக் கூட்டுவது, வரி கட்ட வரிசையில் நிற்பது எல்லாம் பெண். ஆனால் "பொனற்றைத் திறந்து பார்த்தீர்களா?" என்று கேட்டால், "அது ஆம்பிளையளின்ரை வேலை" என்ற பதில் வரும். வேலையைப் பால்நிலைப்படி பிரித்துவைத்தது சமூகம். இயந்திரத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஒயில் பார்க்கும் கம்பியை யார் இழுத்துப் பார்த்தாலும் அது ஒரே அளவைத்தான் காட்டும்.

இதனால் வரும் நட்டமும் பெண்ணுக்கே. தரகர் வருவார். ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ஜின் இறுகிப்போச்சு அக்கா, இனி இரும்பு விலைதான்" என்பார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போனது. இதைத் தரகர் நன்றாக அறிவார். தன் காரின் நிலைமையை அறியாத பெண்ணிடம்தான் இரும்பு விலை பேசலாம்.

மண்ணெண்ணெய்க் காலத்துப் பாடம்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை எமது வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோல் மருந்துபோல அளந்து பாவிக்கப்பட்டது. சின்னப் போத்தலால் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் கார்கள் ஓடின. 1950களில் செய்யப்பட்ட ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் புகை கக்கிக்கொண்டே நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்றன.

மண்ணெண்ணெய் அந்த என்ஜின்களுக்கு நல்லதல்ல. உள்ளே கரி படியும், ஒயில் நீர்த்துப்போகும். அப்படியிருந்தும் அவை தாக்குப்பிடித்தன. அமைப்பு எளிமையானது என்பது ஒரு காரணம். அவை நாளாந்தம் ஓடின, நாளாந்தம் ஒருவர் அவற்றைத் திறந்து பார்த்தார் என்பது மற்றக் காரணம். கவனிப்பு இருந்தால் கெட்ட எண்ணெயையும் தாங்கும் இயந்திரம், கவனிப்பு இல்லாவிட்டால் நல்ல எண்ணெயோடும் பழுதாகும்.

நிற்கும்போது என்ன நடக்கிறது?

பற்றரி: ஓடாத காரில் முதலில் சாவது இதுதான். கார் நின்றாலும் மணிக்கூடு, அலாரம் போன்றவை சிறிது சிறிதாக மின்னை உறிஞ்சும். பற்றரி இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் படிவு இறுகி, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. வோல்ற் பார்க்கும் சிறிய மீற்றர் ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது. என்ஜினை நிறுத்திச் சில மணித்தியாலங்கள் கழித்துப் பார்த்தால், நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் தேவை. 12 என்றால் பற்றரி கிட்டத்தட்ட வெறுமை.

பெற்றோல்: திறந்துவைத்த கற்பூரம்போலப் பெற்றோலிலும் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சுவது மாதக்கணக்கில் கிடந்து பசையாகி, காபரேற்றரின் அல்லது இன்ஜெக்ரரின் நுண்ணிய துவாரங்களை அடைக்கும். தாங்கி அரைகுறையாக இருந்தால், மேலேயுள்ள காற்றின் ஈரம் உட்சுவரில் படிந்து, இரும்புத் தாங்கியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

ஒயில்: என்ஜின் ஓடும்போது உள்ளே நீராவியும் அமிலத் தன்மையான கழிவும் ஒயிலில் சேரும். என்ஜின் நன்றாகச் சூடானால் ஈரம் வெளியேறிவிடும். ஐந்து நிமிடம் ஸ்ராட் செய்து நிறுத்தினால் அது உள்ளேயே தங்கும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது அடியில் பாலாடைபோல வெளிர் நிறத்தில் ஏதும் படிந்திருந்தால் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் இந்த ஈரம்தான் காரணம். ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால் அது வேறு பெரிய பழுதாக இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிறேக்: மாரியில் இரண்டு நாள் நின்றாலே பிறேக் டிஸ்க்கில் செந்நிறத் துரு தெரியும். ஓடி இரண்டு தடவை பிறேக் பிடித்தால் அது போய்விடும். மாதக்கணக்கில் நின்றால் பிறேக் சில்லோடு ஒட்டிக்கொள்ளும். ஹாண்ட் பிறேக்கை இழுத்து விட்டிருந்தால் ஒட்டுவது இன்னும் நிச்சயம்.

ரயர்: ஒரே இடத்தில் பாரம் இருப்பதால் அடிப்பக்கம் தட்டையாகும். வெயில் பட்டால் ஓரங்கள் வெடிக்கும்.

எலியும் அணிலும்: பொனற்றுக்குள்ளே இருட்டு, சூடு, பாதுகாப்பு மூன்றும் உண்டு. எலி கூடு கட்டும், வயர் கடிக்கும். பாம்பு சுருண்டு கிடப்பதும் எமது பகுதிகளில் புதினமல்ல.

எங்கே, எப்படி நிறுத்துவது?

கிடுகு அல்லது தகரக் கூரை, நாலு பக்கமும் காற்றோட்டம், காய்ந்த தரை. இவை மூன்றும் போதும். புல்லுக்கும் ஈரமண்ணுக்கும் மேலே நிறுத்தினால் அடிப்பாகம் துருப்பிடிக்கும். சீமெந்துத் தரை இல்லையென்றால் சல்லிக்கல்லாவது பரப்புங்கள். பருத்தித்துறை, மன்னார், முல்லைத்தீவு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இருப்பதால் மாதத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவிக் காயவிட வேண்டும்.

பொலித்தீனால் இறுக்கி மூடுவது பெரிய பிழை. உள்ளே வியர்த்து, அந்த ஈரம் போக வழியில்லாமல் நிற்கும். மூடுவதென்றால் பழைய பருத்திச் சேலைத் துணியால் மூடுங்கள். தென்னை, பனைக்குக் கீழே நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஹாண்ட் பிறேக்கை விட்டுவிட்டு, காரைக் கியரில் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். கட்டை வைத்த பிறகே ஹாண்ட் பிறேக்கை விட வேண்டும். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் வீடென்றால் சாவியையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாதம் இரண்டு முறை ஓட்டம்

எல்லாவற்றுக்கும் சிறந்த மருந்து ஓட்டம்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அரை மணித்தியாலமாவது, பதினைந்து கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். அப்போதுதான் ஒயில் சூடாகி ஈரம் போகும், பற்றரி திரும்ப நிறையும், பிறேக் துருவைத் துடைக்கும், ரயர் வட்டத்துக்கு வரும். குளிரூட்டி இருந்தால் அதையும் பத்து நிமிடம் போடுங்கள்.

முற்றத்தில் நிறுத்தியபடி ஸ்ராட் செய்து சில நிமிடத்தில் நிறுத்துவது ஓட்டம் ஆகாது. ஸ்ராட் செய்யச் செலவான மின்கூடப் பற்றரிக்குத் திரும்பி வராது. மூடிய கொட்டிலுக்குள் என்ஜினை இயங்கவிடவே கூடாது. புகையில் வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும்.

ஓட்ட ஆளில்லை என்றால் என்ன செய்வது? பற்றரியின் சய (−) வயரைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது முதலில் சய. பூட்டும்போது கடைசியாகச் சய. சில புதிய கார்களில் ரேடியோ இலக்கம் போன்றவை அழிந்துவிடும் என்பதால் முதலில் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை சிறிய சார்ஜரில் இரவு முழுதும் போட்டால் பற்றரி உயிரோடிருக்கும். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும். பக்கத்தில் விளக்கோ நெருப்புக்குச்சியோ வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை காரைக் கையால் தள்ளிக் கால்வட்டம் நகர்த்திவிட்டால் ரயரின் வேறு பக்கம் பாரத்தைத் தாங்கும்.

ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். அதில் ஓடும் மின் உயிராபத்தானது.

பெண்கள் தாமே செய்யக்கூடியவை

கார் சமதரையில் நின்று, என்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில் இவற்றைச் செய்யுங்கள்.

1. ஒயில் கம்பியை இழுத்து, துடைத்து, திரும்பச் செருகி இழுத்துப் பாருங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் இடையில் ஒயில் இருக்க வேண்டும். கார் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஒயிலும் பில்ரரும் மாற்ற வேண்டும்.

2. ரேடியேற்றர் தண்ணீரைப் பாருங்கள். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதே ரேடியேற்றருக்குள்ளும் படியும். கூலன்ற் விடுங்கள், கலப்பதென்றால் பற்றரிக்கு விடும் சுத்தத் தண்ணீர் போதும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

3. பற்றரி முனைகளில் வெள்ளை, பச்சைப் பூப் பிடித்திருந்தால், முதலில் சய வயரையும் பிறகு மற்றதையும் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பற்றரிக்குள்ளே அது போகக் கூடாது. காய்ந்ததும் கொஞ்சம் வாசலைன் பூசுங்கள்.

4. ரயர் காற்று எவ்வளவு என்பது பெரும்பாலான கார்களில் சாரதிப் பக்கக் கதவு நிலையில் எழுதியிருக்கும். ரயரின் வயதும் ரயரிலேயே இருக்கிறது. ஓரத்திலுள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால், 2019ஆம் வருடத்தின் 23ஆவது கிழமையில் செய்தது. நூல் தேயாத ரயர் என்றாலும் ஆறு வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் காட்டிப் பாருங்கள். பத்து வருடம் கடந்ததை மாற்றிவிடுங்கள்.

5. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதைக் கராஜில் செய்விப்பதே நல்லது.

6. நீண்டகாலம் நிறுத்தப்போவதானால் பெற்றோல் தாங்கியைப் பெரும்பாலும் நிரப்பி வையுங்கள். 2022இல் வரிசையில் நின்ற பயத்தில் இன்றும் சிலர் கானில் பெற்றோல் சேமிக்கிறார்கள். வீட்டுக்குள் பெற்றோல் வைப்பது குண்டு வைப்பதற்குச் சமம். தாங்கிக்குள் இருக்கட்டும்.

7. ஸ்ராட் செய்ய முன் ஒவ்வொரு முறையும் பொனற்றைத் திறந்து தடியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். கூடு, கடித்த வயர், சுருண்ட பாம்பு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஒரு கொப்பி போடுங்கள். திகதி, ஓடிய தூரம், விட்ட ஒயில், கட்டிய காசு, பற்றுச்சீட்டு எல்லாம் அதில் இருக்கட்டும். விற்கும் நாளிலும் அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். கிளிநொச்சியில் வெளிநாட்டு உறவினரின் காரைப் பார்த்துவரும் ஒரு தாய் இப்படி ஒரு கொப்பி வைத்திருக்கிறார். அதைப் படம்பிடித்து அனுப்பிய பிறகுதான், தான் செய்வது வேலை என்று அவர்களுக்கு விளங்கியதாகச் சொன்னார். இப்போது செலவுக் காசோடு ஒரு சிறு தொகையும் மாதாமாதம் வருகிறது. "பார்த்துக்கொள்ளுங்கோ" என்பது ஒரு சொல். அதற்குப் பின்னால் இருப்பது உழைப்பு. சகோதரிகளே, கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

வருடக்கணக்கில் நின்ற கார்

மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு அக்கா. கணவர் காரை வாடகைக்கு ஓட்டியவர். 2007இல் வெளியே போனவர் திரும்பவில்லை. அன்று கார் வீட்டில் நின்றது. "அவர் இருந்த சீற்றிலை வேறை ஆரும் இருக்கக்கூடாது எண்டு நினைச்சன்" என்றார் அக்கா. வெள்ளிக்கிழமைகளில் கழுவி, முன்கண்ணாடியில் திருநீறு பூசுவார். ஆனால் பதின்மூன்று வருடமாகப் பொனற் திறக்கப்படவில்லை.

இப்படியான காருக்குப் பற்றரி போட்டுச் சாவியைத் திருப்புவது ஆபத்து. வந்த மெக்கானிக் அதைச் செய்யவில்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டார். மறுநாள் ஸ்பனரால் கையாலே என்ஜினைச் சுற்றிப் பார்த்தார். முதலில் அசையவில்லை, பிறகு மெல்ல அசைந்தது. பழைய பெற்றோலை இறக்கித் தாங்கியைக் கழுவி, ஒயில், பில்ரர், பெல்ற், பிறேக் குழாய்கள், நான்கு ரயர்கள் எல்லாம் மாற்றிய பின்னரே சாவி திரும்பியது. செலவு சிறியதல்ல. இடையில் மாதம் ஒருமுறையாவது கவனித்திருந்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்று அவரே சொன்னார்.

இன்று அந்தக் கார் மாதம் இரண்டு தடவை சந்தைக்கும் கிளினிக்குக்கும் போய்வருகிறது. ஓட்டுவது அக்காவின் தம்பியின் மகன். ஒயிலும் காற்றும் பார்ப்பது அக்கா. சாரதி சீற்றில் அவர் இருப்பதில்லை. பக்கத்துச் சீற்றில்தான் இருப்பார். கணவரோடு போகும்போதும் அதுதான் அவருடைய இடம். "அவர் வந்து கேட்டால், நல்லாத்தான் வச்சிருக்கிறன் எண்டு சொல்லலாம்" என்றார்.

காரை விற்பதா, வைத்திருப்பதா என்று வெளியில் நிற்கும் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. வைத்திருப்பதென்று ஒரு பெண் முடிவெடுத்தால், அந்தப் பொருள் உயிரோடிருக்க வழி சொல்வதே எமது கடமை.

கடதாசி வேலை

வீதியில் இறக்குவதற்கு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். ஓட்டுபவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். அவர் மருமகனாக இருந்தாலும் சரி. நீண்டகாலம் ஓட்டாமல் வைப்பதானால் அதுபற்றி எழுத்தில் அறிவிப்பது எப்படி என்று பிரதேச செயலகத்தின் வாகன வரிப் பிரிவில் கேளுங்கள். கேட்காமல் விட்டால் நிலுவையும் தண்டமும் கூடிக்கொண்டே போகலாம்.

கார் கணவரின் பெயரில் இருந்து, அவர் காணாமற்போயிருந்தால் விடயம் இன்னும் சிக்கல். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் பலர். 2016இல் வந்த சட்டத் திருத்தம், இறந்தவர் என்று பதியாமலே காணாமற்போனவர் என்ற சான்றிதழைப் பெற வழிசெய்தது. எதை எடுப்பது, எடுக்காமல் விடுவது என்பது உங்கள் முடிவு. ஆனால் வாகனப் புத்தகத்தைத் தரகர் கையில் கொடுக்க முன், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்க முன், சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஒருதடவை ஆலோசனை கேளுங்கள்.

மாரிக்கு முன்

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்க முன்னர் ஒயில், பற்றரி, ரயர், துடைப்பான் இறப்பர் நான்கையும் பாருங்கள். தண்ணீர் நிற்கும் வளவென்றால் காரை மேட்டுக்கு மாற்றுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. மூழ்கிய காரை ஒருபோதும் ஸ்ராட் செய்யாதீர்கள். உள்ளே போன தண்ணீர் என்ஜினை ஒரு நொடியில் உடைத்துவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டுக் கராஜுக்கு இழுத்துச் செல்ல வேண்டும்.

போர் எங்களிடமிருந்து எடுத்தது போக மிஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றைத் துருவுக்கும் எலிக்கும் தரகருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் கொட்டிலுக்குப் போங்கள். பொனற்றைத் திறங்கள். ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். அடுத்தமுறை விபரம் எடுக்க வரும் பிள்ளைக்கு, தையல் மெசினுக்கும் ஆட்டுக்கும் பக்கத்தில் காரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.